பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்பினால் ஊர் தெரியாது

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மருத்துவமும் நர்சிங்கும் படிக்கிற பிள்ளைகளைச் சின்னக் கடலோர ஊர்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். எனக்குப் பழக்கமான வேதாரண்யம் பக்கத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். கல்லூரி பஸ்ஸில் காலையில் வந்து மதியம் திரும்புகிற பயிற்சியால் பிள்ளைகளுக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை, அங்கேயே தங்கவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன, சில கோபமாக, சில கவலையோடு. முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோர் பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: என் மகள் திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள். சமூகநலப் பயிற்சிக்கு வேதாரண்யம் அருகே ஒரு மீனவ கிராமத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கேயே தங்க வேண்டுமாம். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வந்தால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் இப்படி எழுதுவதால்தான் கல்லூரிக்காரர்களும் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.
(ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன்.

அந்த ஊர்களில் ஃபைபர் படகுகள் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய்விடும். படகு கரைக்கு வரும் நேரத்தில் பெண்கள் மீனை வாங்கிக் கூடையிலோ வண்டியிலோ ஏற்றிக்கொண்டு விற்கக் கிளம்பிவிடுவார்கள். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள் வெயிலுக்கு முந்த வேண்டும் என்று இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களில் முல்லைப்பூ பறிக்கிறவர்களும் அப்படித்தான். ஆக, கல்லூரி பஸ் பத்து மணிக்கு வந்து நிற்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்களும்தான். நாற்பது ஐம்பது வயது ஆண், அதாவது பி.பி.யும் சர்க்கரையும் இருப்பது தெரியாமலே திரிகிற ஆள், ஒன்று கடலில் இருப்பார், இல்லை கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார், இல்லை ராத்திரித் தூக்கத்தைப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பி ‘ஐயா பிரஷர் பார்க்கணும்’ என்றால் நல்ல பதில் வராது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், அப்போது கிடைக்கிற பேச்சே வேறு, ஆனால் பஸ் மூன்று மணிக்கே கிளம்பிவிடும். பிரசவ வலியும் பாம்புக்கடியும் மூச்சுத்திணறலும் ராத்திரியில்தான் அதிகம் கதவைத் தட்டும். அந்த நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எப்படிச் சமாளிக்கிறார், 108-க்கு எப்போது போன் போடுகிறார், வண்டி வருகிறவரை என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்காத நர்சிங் மாணவிக்கு அதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது.

திருவாரூரிலிருந்து வேதாரண்யம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு பஸ். போக வரவே பாதி நாள் போய்விடும்.

சரி, பயத்துக்கு வருகிறேன். கல்லூரியிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பெண்கள் தங்கும் இடம் எங்கே, சுகாதார நிலையக் குடியிருப்பிலா, வாடகை வீட்டிலா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? கூட ஒரு ஆசிரியை தங்குகிறாரா? வீடு வீடாகப் போகும்போது தனியாக அனுப்பமாட்டோம், இருவர் இருவராகத்தான் அனுப்புவோம் என்று உறுதி தருகிறார்களா? ஏதாவது தொந்தரவு என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியூர்ப் பயிற்சி நாட்களில் நடப்பதையும் அங்கே சொல்லலாம் என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள், முழுசாக முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் கிளம்பும்போது நினைத்துப் பயனில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரி நேராகப் பதில் சொன்னால் மகளை அனுப்புங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: மீன் சாப்பிடாத குடும்பம் எங்களுடையது. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(மருத்துவ மாணவர், சென்னை)

பதில்: வேதாரண்யம் கோயில் ஊர், டவுனில் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். கிராமத்தில் தங்கினால் அறையில் சேர்ந்து சமைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள் தம்பி, வீட்டுக்குப் போகும்போது மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தாதீர்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் உங்களிடம் எந்த நோயையும் சொல்லமாட்டார்கள். சாப்பிடச் சொன்னால் ‘மீன் பழக்கமில்லைம்மா, டீ கொடுங்க’ என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். சமூக மருத்துவப் போஸ்டிங் பன்னிரண்டு வாரம். நீட் பி.ஜி. நெருங்குகிறது. சீனியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து படித்தார்கள், சுகாதார நிலைய டாக்டரும் கண்டுகொள்ளமாட்டார் என்கிறார்கள். இது அவ்வளவு பெரிய தப்பா?
(பயிற்சி மருத்துவர்)

பதில்: தப்புதான் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முப்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. கடலோரத்தில் இருக்கிற ஒன்றுக்கு உங்களை அனுப்புவதாகத் தாளில் இருந்தால், அந்தப் பன்னிரண்டு வாரம் அங்கே ஒரு டாக்டர் கூடுதலாக இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் அறையில் இருந்தால் அவர் தாளில் மட்டும் இருக்கிறார். வெளியே வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு இது தெரியாது, தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. இன்டர்ன்ஷிப் வருடத்தின் தலையில் நுழைவுத் தேர்வைக் கட்டிவைத்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது, அதை மாற்ற வேண்டியவர்கள் மாற்ற வேண்டும். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். புற நோயாளிகள் கூட்டம் காலையில்தான். மதியம் கொஞ்சம் ஓயும், ராத்திரி முழுக்கப் படிக்கலாம். டவுனில் இருக்கிற கவனச் சிதறல் ஒன்றும் அங்கே கிடையாது. அப்புறம் இன்னொன்று, நீங்கள் மனப்பாடம் செய்கிற கட்டுவிரியன் கடியும் ஸ்கிரப் டைஃபசும் எலிக்காய்ச்சலும் அந்த வாசலிலேயே வந்து நிற்கின்றன. ஆறு நாள் காய்ச்சல் என்று வந்த ஒருவரின் இடுப்புத் துணியை விலக்கிப் பார்த்து, சிகரெட் சுட்டது போன்ற ஸ்கிரப் டைஃபசின் அந்தக் கறுப்புப் பொருக்கை நீங்களே கண்டுபிடித்து, டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்குவதைப் பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி எந்தத் தேர்வில் வந்தாலும் தப்பாது.

நாளைக்கு அரசு வேலைக்கு வருகிற எண்ணம் இருந்தால் இதுவும் நினைவிருக்கட்டும், பணியில் இருக்கிற அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த வழியில் போக வேண்டுமானால் எப்படியும் இந்த மாதிரி ஊரில் இருந்தாக வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் கடற்கரைக் கிராமம். வருடா வருடம் மாணவர்கள் வருகிறார்கள். கக்கூஸ் இருக்கா, எத்தனை பிள்ளை, வருமானம் என்ன, வீட்டுக்காரர் குடிப்பாரா, இதேதான் கேட்கிறார்கள். எழுதிக்கொண்டு போகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வந்து ‘உங்கள் ஊரில் இதுதான் குறை, இதைச் செய்யப் போகிறோம்’ என்று ஒரு தடவையாவது சொன்னதில்லை. இனிமேல் வந்தால் பதில் சொல்வதில்லை என்று பெண்கள் பேசிவைத்திருக்கிறோம். இதில் நீங்கள் தங்க வேறு சொல்கிறீர்கள்.
(சுயஉதவிக் குழுத் தலைவி, வேதாரண்யம் வட்டம்)

பதில்: அம்மா, வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். கல்லூரி நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் நீங்கள் எழுதியதை அப்படியே போட்டிருக்கிறேன்.

நீங்கள் பேசிவைத்தது சரி. கேட்டதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. ஒரு மாணவர் வாசலுக்கு வந்தால் தான் யார், எந்தக் கல்லூரி, இதை எதற்குக் கேட்கிறேன், எழுதிக்கொண்டு போவதை யார் பார்ப்பார்கள் என்று முதலில் அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதற்காக ஒரு குறையும் வைக்கக் கூடாது. போட்டோ விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். நோயாளியோடு செல்ஃபி எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் பரவியிருக்கிறது, அது அசிங்கம். நாலு தெருவே உள்ள ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பது வெளியே போனால் அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? கல்லூரி வேலைக்குப் படம் வேண்டுமானால் வண்டியையும் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் ஊரில் பஞ்சாயத்தார் இருப்பார்கள், குழுக்களும் இருக்கின்றன. அடுத்த தடவை கல்லூரியிலிருந்து வரும்போது ஊர்க்கூட்டத்தில் உட்காரவைத்து இரண்டு கேளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஊரைக் கூட்டி, கண்டுபிடித்ததை எல்லாம் தமிழில், யார் பெயரும் வராமல், சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பி.பி. அதிகமாக இருந்தது, இரத்தம் குறைவாக இருந்தது என்று கண்டவர்களை எல்லாம் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத கல்லூரிக்கு ஊரைத் திறந்துவிட வேண்டியதில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. தத்து என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது, உங்களை யாரும் தத்தெடுக்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ஆனால் அதே பையன், அதே பொண்ணு மறுபடி மறுபடி வருவது நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு நாள் வந்து கக்கூஸ் இருக்கா என்று கேட்கிற பிள்ளைக்கு நீங்கள் உள்ளதைச் சொல்லமாட்டீர்கள். மூன்றாவது தடவை வந்து ‘அக்கா, போன தடவை கால் புண்ணு இருந்துச்சே, ஆறிடுச்சா’ என்று கேட்கிற பிள்ளைக்கு எல்லாம் சொல்வீர்கள். தங்கச் சொல்வது அதனால்தான் அம்மா.

கேள்வி: கடலோரத்துக்கென்று தனியாக என்ன நோய் இருக்கிறது? போவதற்கு முன் எதைப் படித்துக்கொண்டு போகலாம்?
(நாலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி)

பதில்: நல்ல கேள்வி. முக்கால்வாசி எல்லா ஊரிலும் உள்ளதுதான், சர்க்கரை, பி.பி., இரத்தசோகை, இருமல், முதுகுவலி. ஆனால் அவையே அங்கே வேறு முகத்தோடு வரும்.

உப்பளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது வேதாரண்யத்தில்தான். மேலே வெயில், கீழே வெள்ளைப் பாத்தியிலிருந்து கண்ணைக் கூசவைக்கிற எதிரொளி, கால் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில். கால் வெடித்துப் புண்ணாகும், அதில் உப்பு பட்டு எரியும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு அந்த எரிச்சல்கூடத் தெரியாது, புண் எலும்பு வரை போன பிறகுதான் வருவார். அதனால் உப்பளத் தொழிலாளி எதற்கு வந்தாலும், காய்ச்சலுக்கே வந்தாலும், செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். பெண்களிடம் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெட்டவெளி, ஒதுங்க மறைவு கிடையாது, அதனால் வேலை முடிகிற வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று, கல், நாளாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறு என்று அது வளரும். இதில் உடம்புவலிக்கு அடிக்கடி வலி ஊசி போட்டுக்கொள்கிற பழக்கமும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை எழுதும்போது அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்காமல் எழுதாதீர்கள், வெயிலில் மயங்கி விழுவார். ‘நிறையத் தண்ணீர் குடிங்கம்மா’ என்று அறிவுரை மட்டும் சொல்லிவிட்டு வருவதற்கு நீங்கள் போக வேண்டியதில்லை. எந்த உப்பளத்தில் கழிப்பறை இல்லை, குடிதண்ணீர் இல்லை என்று எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்து அது மேலே போகும்படி பாருங்கள். நோயின் காரணம் அங்கே இருக்கிறது.

பாம்பு. அரசு மருத்துவமனைகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்கும் பொதுவானது. கட்டுவிரியனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தரையில் படுத்துத் தூங்குகிறவரை நடுராத்திரி கடிக்கும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைக்கிறது என்று வருவார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிற ஆபத்து இருக்கிறது. அந்த நேரத்தில் வயிற்றுவலி என்று யார் வந்தாலும் முகத்தைப் பாருங்கள், கண் இமை தூக்க முடியாமல் சரிகிறதா, வார்த்தை குழறுகிறதா, ராத்திரி எங்கே படுத்திருந்தார். இதைக் கேட்க ஒரு நிமிஷம் போதும், அது உயிரைக் காப்பாற்றும்.

கடல்பாம்பு வேறு. வலையில் மாட்டி வரும், பிரிக்கும்போது கடிக்கும். நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்காது. கடி பட்டவருக்கு உடம்பெல்லாம் தசைவலி வருகிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும்.

திருக்கை முள், கெளுத்தி முள் குத்தி வருகிறவர்கள் வலியில் துடிப்பார்கள். அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும். தோல் வெந்துவிடாத, கை பொறுக்கிற சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், தண்ணீரில் குத்திய இடத்தை அமிழ்த்தி வையுங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைக்கலாம், வலி இறங்கும். சூட்டை அவர் அடிபட்ட கையில் பார்க்கவிடாதீர்கள், உங்கள் கையை விட்டுப் பாருங்கள். அப்புறம் புண்ணைச் சுத்தம் செய்து, முள் ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டி.டி. ஊசி. இதைப் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டு போங்கள், நல்ல பெயர் கிடைக்கும்.

கண்ணில் சதை வளர்ந்திருப்பது, படகு இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாவது, கருவாடும் உப்பும் சேர்ந்து ஏற்றுகிற பி.பி., குடி, இவற்றையும் பார்ப்பீர்கள். குடியைப் பற்றி மனைவி முன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஐயாயிரம் பேருக்கு நான் ஒருத்தி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினியில் ஏற்றுவது, கூட்டம், இதற்கு நடுவில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்று என்கிறார்கள். அவர்களால் எனக்கு என்ன உதவி?
(நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் பின்னால் பத்துப் பேரை ஊர்வலமாக அனுப்புவதால்தான் உங்களுக்குப் பாரமாக இருக்கிறது. இரண்டு பேருக்கு மேல் ஏற்காதீர்கள், மருத்துவ அலுவலரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு முழு வேலையைக் கொடுத்துவிடுங்கள், வேடிக்கை பார்க்கிற பிள்ளைதான் தொந்தரவு.

உங்களுக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மீன்பிடி சீசனுக்கு வெளியூர்க் குடும்பங்கள் கோடியக்கரைக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்குகின்றன. அந்தக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டை சொந்த ஊரில் இருக்கும், தவணை இங்கே வரும். கர்ப்பிணி அங்கே பதிவு செய்திருப்பாள், மாதம் ஏறுவது இங்கே. இரண்டு மாணவர்களைக் கொட்டகை கொட்டகையாக அனுப்பி, ஐந்து வயதுக்குக் கீழே யார், கர்ப்பிணி யார், அவர்களுடைய பிக்மி எண் (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) என்ன, எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துவரச் சொல்லுங்கள். அடுத்த புதன்கிழமைத் தடுப்பூசிக்கு உங்கள் கையில் பட்டியல் தயார். அதே மாதிரி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிற ஆண்கள் ஊரில் இருப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரோடு மாணவர்களைச் சேர்த்துச் சாயங்காலத்தில் வலைக்கூடத்துக்கே அனுப்பினால், வருடம் முழுக்கப் பிடிபடாத ஆட்களுக்கு அப்போது பி.பி., சர்க்கரை பார்த்துவிடலாம்.

கணினியில் ஏற்றுகிற வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், தெரியும்.

கேள்வி: நான் ஆண். பெண்கள் என்னிடம் பேச மறுக்கிறார்கள். லாக் புக் எப்படி நிரப்புவது?
(நர்சிங் மாணவர்)

பதில்: மறுத்தால் விட்டுவிடுங்கள். கூட வருகிற மாணவி கேட்கட்டும், நீங்கள் வீட்டு ஆண்களையும் வயதானவர்களையும் பாருங்கள், அவர்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை. லாக் புக்கில் பொய் எழுதாதீர்கள். ‘பேச விருப்பமில்லை என்றார்’ என்று எழுதினால் போதும், நல்ல ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: ஒரு பாட்டிக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து யார் என்று கேட்டுவிட்டேன். சுனாமியில் போன பேரப்பிள்ளைகள் என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உடனே கிளம்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை.
(நர்சிங் மாணவி)

பதில்: அம்மா, 2004 டிசம்பர் 26-இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அது இருக்கும், சில வீடுகளில் 2018 நவம்பரில் வந்த கஜா புயலும் சேர்ந்திருக்கும். நீங்கள் கேட்டதால் பாட்டிக்கு அந்தத் துக்கம் வரவில்லை, அது அவரோடுதான் இருக்கிறது. மறுபடி போங்கள். போய் ‘பாட்டி, அன்னைக்கு அவசரமா போயிட்டேன், பி.பி. பார்க்க வந்திருக்கேன்’ என்று உட்காருங்கள். பேசினால் கேளுங்கள், பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்கலாம், தப்பில்லை. பேசாவிட்டால் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அவர் சாப்பாடு, தூக்கம் விட்டுப்போய் ஒடுங்கியிருந்தால் செவிலியரிடம் சொல்லி மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் உங்கள் ஆசிரியையிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராவிட்டால் நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: தங்கவைக்க எங்களுக்கும் ஆசைதான். நிதி இல்லை, கட்டடம் இல்லை, நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. எதுவுமே கிடைக்காத நிலையில் ஏதாவது ஒன்றை மட்டும் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?
(சமூக மருத்துவ ஆசிரியர்)

பதில்: ஊரை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பேட்சையும் புதுப்புது ஊருக்கு அனுப்புகிற வழக்கத்தை நிறுத்திவிட்டு ஒரே ஊரை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பதிவேட்டைத் தொடருங்கள். போகிற பேட்ச் வருகிற பேட்சை அந்த வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய் ‘இனிமேல் இவங்க வருவாங்க’ என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டுக் கிளம்பட்டும். அதற்கு ஒரு நாள் பஸ் செலவுதான் ஆகும். பஸ்ஸின் நேரத்தையும் மாற்றப் பாருங்கள், மதியம் ஒரு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்பட்டும். நிர்வாகம் மறுத்தால் வாரத்தில் ஒரு நாளுக்காவது கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புயலுக்கென்று ஒதுக்குங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் அந்த ஊரில் டிசம்பர் முடிய யார் யாருக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறது, யார் டயாலிசிஸ் போகிறார், யார் இன்சுலின் போடுகிறார், யாரால் தானாக எழுந்து நடக்க முடியாது என்று எழுதி, ஒரு நகலைச் செவிலியரிடமும் ஒரு நகலை மருத்துவ அலுவலரிடமும் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நிறைமாதக் கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் ஊரில் வழக்கம்தான், பட்டியல் கையில் இருந்தால் அது சீக்கிரம் நடக்கும். கஜாவுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இன்சுலினை என்ன செய்வது என்று கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். மருந்துப் புட்டியைத் தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைத்து நிழலில் வைக்கலாம் என்பதை உங்கள் மாணவர்கள் வீடு வீடாகச் செய்து காட்டட்டும், அதை இந்த செப்டம்பரிலேயே தொடங்கிவிடலாம்.